பிபிஎல் அறைக்குள் முதன்முறை நுழையும் டியூட்டருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் 'டியூட்டர்' என்ற சொல்லைச் சொன்னவுடன் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர், உயர்தரத்துக்குப் படித்த நாட்களில் டியூட்டரியில் நூறு பேருக்கு முன்னால் நின்று நோட்ஸ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்தான். மருத்துவப் பட்டம் முடித்து, உள்ளகப் பயிற்சி நியமனத்துக்காகக் காத்திருந்த மாதங்களில் வெளிமாவட்டத்து மருத்துவ பீடம் ஒன்றில் தற்காலிகமாகக் கற்பிக்கச் சென்றபோது, பிரச்சினை மையக் கற்றல் (பிபிஎல்) அறைக்குள் நானும் அந்த ஆசிரியராகவே நுழைந்தேன். ஆனால் பிபிஎல்லில் டியூட்டர் விரிவுரை நிகழ்த்துவதில்லை; ஒரு நோயாளியின் பிரச்சினையை ('கேஸ்') எட்டுப் பேரளவிலான மாணவர் குழு தானே விவாதித்துக் கற்க, அவர் துணைநிற்பார். எனக்கு எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை. ஒரு கையேடும் அறை இலக்கமும் மட்டும் தரப்பட்டன. முதல் அமர்வு முடிந்ததும், பின்வரிசையில் அமர்ந்திருந்த மூத்த விரிவுரையாளர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, 120 நிமிடத்தில் 70 நிமிடம் நீங்கள்தான் பேசினீர்கள்" என்றார். இரண்டாவது அமர்வில் மாணவர்கள் நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள், என் பிழை ஒன்றையும் சேர்த்து.

இந்தக் கட்டுரை, அதே நிலையில் இன்று நிற்கும் பயிற்சிக்கு முந்திய வைத்தியர்களுக்கும், வைத்தியசாலைப் பணியில் இருந்துகொண்டே வருகைதரு டியூட்டராக அழைக்கப்படுவோருக்கும் எழுதப்படுகிறது. பிபிஎல் முறை 1969இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியது என்பதற்கு மேல் வரலாறு எதுவும் உங்களுக்கு முதல் நாளில் தேவைப்படாது. தேவைப்படுபவை ஆவணங்கள், நேரக் கணக்கு, எப்போது பேசக்கூடாது என்ற தெளிவு ஆகிய மூன்றுதான்.

1. நியமனத்தை எழுத்தில் பெறுங்கள்

பீடத்திலிருந்து தொலைபேசியில் அழைப்பு வந்தவுடன் "சரி" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடாதீர்கள். உங்கள் பதவிப் பெயர், நியமனம் தொடங்கும் திகதி, முடியும் திகதி, கொடுப்பனவு மாதச் சம்பளமா அல்லது மணித்தியாலக் கணக்கா என்பவை கடிதத்தில் இருக்க வேண்டும். கடிதத்தின் திகதிக்கு முன்னர் நடத்திய அமர்வுகளுக்கான கொடுப்பனவைப் பின்னர் கோருவது மிகவும் கடினம். நான் கடிதமில்லாமல் நடத்திய இரண்டு அமர்வுகளுக்கு இன்றுவரை எதுவும் கிடைக்கவில்லை.

பின்வருவனவற்றை ஒரே கோப்பில், ஒவ்வொன்றிலும் மூன்று போட்டோப் பிரதிகளாக முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: பட்டச் சான்றிதழ், அது இன்னும் கிடைக்கவில்லையென்றால் பரீட்சைப் பெறுபேற்றை உறுதிப்படுத்தும் பல்கலைக்கழகக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ். இவற்றுள் நேரத்தை விழுங்குவது கடைசியாகச் சொன்னதுதான், ஏனெனில் கிராம உத்தியோகத்தர் கையொப்பமிட்ட பின்னர் அதனைப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமிடுவிக்க வேண்டும். நகரத்தில் வசிப்போர் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குச் செல்ல வேண்டியிருக்கும். கிராம உத்தியோகத்தர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களை முதலில் விசாரித்துக்கொண்டு போனால் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தலாம்.

ஏற்கெனவே அரச வைத்தியசாலையில் பணியாற்றுபவரானால், உங்கள் நிறுவனத் தலைவரின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். பீடத்தின் அழைப்புக் கடிதத்தையும் அமர்வு அட்டவணையையும் இணைத்தே அந்த அனுமதியைக் கோருங்கள். அட்டவணை இல்லாத விண்ணப்பம் பெரும்பாலும் "திகதிகளைக் குறிப்பிடவும்" என்ற குறிப்புடன் திரும்பி வரும்.

2. ஒரு கேஸ் என்றால் நான்கு பயணம்

திருகோணமலை மாவட்டத்தில் மேலைத்தேய மருத்துவ பீடம் இல்லை. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் கற்பிக்கப்படும் மருத்துவம் சித்த மருத்துவம். ஆகவே மட்டக்களப்போ, யாழ்ப்பாணமோ, அநுராதபுரமோ, பேராதனையோ, எங்கிருந்து அழைப்பு வந்தாலும் உங்களுக்குப் பயணம் உண்டு.

ஒரு கேஸ் வழக்கமாக இரண்டு அமர்வுகளில் நடக்கும். இரண்டுக்கும் இடையில் மாணவர்கள் தாமாகப் படிப்பதற்குச் சில நாட்கள் விடப்படும். அதாவது ஒரு கேஸை ஏற்றுக்கொள்வதென்பது நீங்கள் அங்கேயே தங்காவிட்டால் நான்கு பஸ் பயணங்களை ஏற்றுக்கொள்வதாகும். மட்டக்களப்பு வீதியில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, மூதூர், வெருகல், வாகரை வழியாகச் செல்லும் பயணமே மூன்று மணித்தியாலத்துக்கும் குறையாமல் எடுக்கும். காலை எட்டு மணி அமர்வுக்கு அன்றே புறப்பட்டுப் போவது என்பது, பஸ் வாகரையில் பழுதாகி நின்றால் எட்டு மாணவர்கள் டியூட்டர் இல்லாமல் அமர்ந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து ஏற்றுக்கொள்வதாகும். முதல்நாள் இரவே போய்விடுங்கள், அல்லது ஒப்புக்கொள்ளும்போதே பிற்பகல் அமர்வைக் கேளுங்கள்.

மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு பெறுவோர் கவனிக்க வேண்டியது, அது அறைக்குள் இருந்த நேரத்துக்கே கிடைக்கும். கையேட்டைப் படித்த நேரம், மதிப்பீட்டுப் படிவம் நிரப்பிய நேரம், பஸ்ஸில் கழிந்த நேரம் எதுவும் கணக்கில் வராது. போக்குவரத்துச் செலவு தனியாகத் தரப்படுமா என்பதைக் கூச்சப்படாமல் முன்னரே கேட்டுவிடுங்கள். வெண்பலகைப் பேனைகளையும் ஒரு கட்டுப் பெரிய தாளையும் சொந்தச் செலவில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அறையில் இருக்கும் பேனை எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.

3. கேஸை இரண்டு தடவை படியுங்கள்

பீடம் உங்களுக்குத் தருவது இரண்டு ஆவணங்கள். ஒன்று மாணவர்களுக்குரிய பிரச்சினைத் தாள். மற்றையது உங்களுக்கு மட்டுமே உரிய டியூட்டர் கையேடு. அமர்வுக்கு மூன்று நாட்களுக்கு முன்னராவது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் தடவை படிக்கும்போது கையேட்டை மூடிவைத்துவிட்டு, பிரச்சினைத் தாளை மட்டும் ஒரு மாணவனைப் போலப் படியுங்கள். எந்தச் சொல்லில் தடுமாறுவார்கள், எந்த ஊகத்துக்கு முதலில் ஓடுவார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன் பின்னரே கையேட்டைத் திறந்து, பீடம் எதிர்பார்க்கும் கற்றல் நோக்கங்களுடன் ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கேதான் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் இருக்கின்றன. அவ்வாறான கேள்விகளில் ஐந்தை மட்டும் தேர்ந்து எழுதிக்கொள்ளுங்கள். பதினைந்து கேள்விகளுடன் நுழைந்தால் அது வாய்மொழிப் பரீட்சையாகிவிடும்.

கையேட்டைப் படம் பிடித்து எவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பவேண்டாம், சக டியூட்டருக்கும்கூட. சீனியர் பேட்சின் கையேடு ஜூனியர் பேட்சின் கைக்குப் போய்ச்சேர ஒரு மாலை போதும். அதன்பின் அந்தக் கேஸ் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்தாலும் மாணவர்கள் யோசிப்பதுபோல் நடிப்பார்கள், நீங்கள் நம்புவதுபோல் நடிக்கவேண்டியிருக்கும்.

பாடத்தில் நீங்கள் நிபுணராக இருக்கவேண்டுமா என்ற கேள்வி எல்லாப் புதியவர்களையும் வருத்துகிறது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்க் ஷ்மிட், ஜோஸ் மவுஸ்ட் ஆகிய இருவர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பயனுள்ள விடையைத் தருகிறது. பாட அறிவு வேண்டும். ஆனால் மாணவருடன் உண்மையான அக்கறையோடு பழகுவதும், அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து அவர்களுக்குப் புரியும் சொற்களில் பேசுவதும் அதனோடு சேர்ந்தால்தான் டியூட்டர் பயன்படுகிறார். அண்மையில் பரீட்சை முடித்த பயிற்சிக்கு முந்திய வைத்தியருக்கு இதில் ஒரு வசதி உண்டு: எந்த இடத்தில் குழம்பினோம் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும்.

4. முதல் அமர்வு: 120 நிமிடத்தைப் பங்கிடுவது

பெரும்பாலான பீடங்கள் மாஸ்ட்ரிக்டின் ஏழு படிகளை ஏதோ ஒரு வடிவத்தில் பின்பற்றுகின்றன: விளங்காத சொற்களைத் தெளிவாக்குதல், பிரச்சினை எதுவென்று வரையறுத்தல், தோன்றிய விளக்கங்களையெல்லாம் முன்வைத்தல், அவற்றை ஒழுங்குபடுத்தல், கற்றல் நோக்கங்களை வகுத்தல், தனியே படித்தல், திரும்பி வந்து சேர்த்துப் பார்த்தல். முதல் ஐந்தும் முதல் அமர்வுக்குரியவை. ஆறாவது இடைப்பட்ட நாட்களுக்கும் ஏழாவது இரண்டாம் அமர்வுக்கும் உரியவை. நான் பின்பற்றும் பங்கீடு இது: சொற்களுக்கு 10 நிமிடம், பிரச்சினையை வரையறுக்க 10, ஊகங்களுக்கு 35, ஒழுங்குபடுத்த 30, நோக்கங்களுக்கு 20, பின்னூட்டலுக்கு 10. மீதி ஐந்து நிமிடம் கதிரைகளை இழுத்துப் போடுவதிலேயே போய்விடும்.

கதிரைகளை வட்டமாகப் போடச் சொல்லுங்கள். நீங்கள் வெண்பலகைக்கு அருகில் அமராதீர்கள். குழுத் தலைவரையும் குறிப்பெடுப்பவரையும் மாணவர்களே தெரிவுசெய்யட்டும், ஒவ்வொரு கேஸுக்கும் ஆட்கள் மாறட்டும். கூட்டத்தை நடத்துவது தலைவரின் வேலை, உங்களுடையதல்ல. மாணவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் நீங்கள் குறிப்பேட்டைக் குனிந்து பாருங்கள். சில நிமிடங்களில் தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

பீடங்களின் கேஸ்களை வெளியிடுவது முறையல்ல என்பதால், நானே அமைத்த ஒன்றைக் கொண்டு இதை விளக்குகிறேன். கிண்ணியாவைச் சேர்ந்த 24 வயதான முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் நான்கு நாட்களாகக் காய்ச்சலில் இருந்தார். இன்று காலை காய்ச்சல் விட்டுவிட்டது. குணமாகிவிட்டது என்று நினைத்து வேலைக்குப் புறப்பட எழுந்தவருக்குத் தலைசுற்றுகிறது, வயிறு வலிக்கிறது, கைகள் குளிர்ந்திருக்கின்றன. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 116, குருதி அமுக்கம் 100/80. இது முதற்பக்கம். இரண்டாம் பக்கத்தில், முந்தைய நாள் 40 ஆக இருந்த பி.சி.வி. (குருதியில் செங்குழியங்களின் கனவளவு வீதம்) இன்று 48 ஆகியிருக்கிறது என்றும், குருதிச் சிறுதட்டுகள் குறைந்துவிட்டன என்றும் இருக்கும்.

நீங்கள் தாளைக் கொடுத்து ஒரு நிமிடம்கூட ஆகாது, "டெங்கு!" என்று ஒருவர் சொல்லிவிடுவார். 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியதையும், அவ்வாண்டில் நாடு முழுவதும் 180,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவானதையும் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் இருக்கிறது. அத்துடன் கேஸ் முடிந்துவிட்டது என்று குழு நினைக்கும். புதிய டியூட்டர் இந்த இடத்தில் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்வார். ஒன்று, "ஆம், டெங்குதான்" என்று ஒப்புக்கொண்டு அடுத்த படிக்குத் தாவுவார். மற்றது, "அவசரப்படாதீர்கள்" என்று சொல்லித் தன் முகத்தாலேயே விடையைக் காட்டிக்கொடுப்பார்.

செய்யவேண்டியது, அந்தச் சொல்லைப் பலகையின் ஒரு மூலையில் எழுதவைத்துவிட்டு, "அப்படியே வைத்துக்கொள்வோம். காய்ச்சல் விட்ட பிறகு ஏன் இவருக்குத் தலைசுற்றுகிறது?" என்று கேட்பதுதான். இந்தக் கேள்விக்கு நோயின் பெயர் விடையாகாது. குருதிச் சுற்றோட்டத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் வெளியே எடுத்தாலே விடை வரும்.

அடுத்ததாக, "குருதி அமுக்கம் 100, அது சாதாரணம்தானே" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். என்னுடைய முதல் அமர்வில் அந்த இடத்தில்தான் என் வாய் திறந்தது. நாடி அமுக்கம் என்றால் என்ன, அது ஏன் ஒடுங்குகிறது, பரிவு நரம்புத்தொகுதி என்ன செய்கிறது என்று முழு விரிவுரையே நிகழ்த்திவிட்டேன். கேட்டிருக்க வேண்டியது ஒரே வரி: "இரண்டு எண்களுக்கும் இடைவெளி எவ்வளவு?" இருபது என்று சொல்வார்கள். அதன் பின் நீங்கள் அமைதியாக இருந்தால், வழக்கமாக அந்த இடைவெளி நாற்பதளவில் இருக்கும் என்பதை ஒருவர் நினைவுகூருவார். மேல் எண் சற்றே குறைந்திருக்க, கீழ் எண் ஏன் உயர்ந்திருக்கிறது என்று இன்னொருவர் கேட்பார். அந்தக் கேள்வி மாணவர் வாயிலிருந்து வரும்வரை காத்திருப்பதுதான் டியூட்டரின் வேலையில் மிகக் கடினமான பகுதி.

இரண்டாம் பக்கத்தை உரிய நேரத்துக்கு முன் கொடுத்துவிடாதீர்கள். முதற்பக்கத்தில் உள்ளவற்றை வைத்து, "உடலுக்குள் நீர் எங்கேயோ போய்விட்டது" என்ற அளவுக்காவது அவர்கள் வந்தபின் பி.சி.வி.யைக் காட்டினால், அந்த 48 அவர்களுடைய ஊகத்துக்குச் சான்றாக வந்து நிற்கும். முன்னரே காட்டினால் அது இன்னொரு எண், அவ்வளவுதான். இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. சிறுதட்டுகள் குறைந்ததைக் கண்டவுடன், குருதி வடிந்ததால்தான் தலைசுற்றல் என்று குழு முடிவுசெய்துவிடும். "குருதி வடிந்திருந்தால் பி.சி.வி. ஏறுமா, இறங்குமா?" என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி மயிர்க்குழாய்ச் சுவருக்கும், அதனூடாகக் குருதியின் திரவவிழையம் (பிளாஸ்மா) ஒழுகுவதற்கும் அவர்களைத் தானாகவே கொண்டுபோய்விடும்.

ஒரு தடவை ஒரு குழு, பப்பாளி இலைச்சாறு சிறுதட்டுகளைக் கூட்டுமா என்ற விவாதத்துக்குள் புகுந்து இருபது நிமிடம் வெளியே வரவில்லை. நான் தடுக்கவுமில்லை, ஏனெனில் வீட்டில் எல்லோருக்கும் அந்தச் சாறு கொடுக்கப்பட்டிருந்தது. பேச்சு சுவையாகத்தான் இருந்தது, ஆனால் ஊகங்களுக்கான 35 நிமிடத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. இப்போதென்றால் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, "இதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு கற்றல் நோக்கமாக எழுதலாமா?" என்று தலைவரிடம் கேட்பேன்.

கற்றல் நோக்கங்களை எழுதும்போது "டெங்குவைப் பற்றிப் படித்தல்" என்பதுபோன்ற அகலமான வரிகளை ஏற்றுக்கொள்ளாதீர்கள். "மயிர்க்குழாய்ச் சுவரினூடாகத் திரவம் அசைவதைத் தீர்மானிக்கும் விசைகள் எவை, அவற்றுள் இவரில் எது மாறியது" என்ற அளவுக்குக் குறுக வேண்டும். ஐந்து நோக்கங்கள் போதுமானவை. முடிந்த பட்டியலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அமர்வுக்கு உங்களுக்கு அது தேவைப்படும், பீடத்தின் இணைப்பாளரும் அதைக் கேட்பார்.

5. எப்போது வாய் திறப்பது

அமைதி நிலவும்போது மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து மிக நீளமாகத் தோன்றும், குறிப்பாக விடை தெரிந்தவருக்கு. ஒன்பதாவதில் பெரும்பாலும் யாராவது பேசிவிடுவார்கள்.

"சரியா, சேர்?" என்று கேட்டால் "ஆம்", "இல்லை" இரண்டையும் தவிர்த்து, "மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றோ, "அதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்றோ திருப்பிவிடுங்கள். ஆனால் இதையே மந்திரம்போல ஒவ்வொரு தடவையும் சொன்னால் மாணவர்கள் எரிச்சலடைவார்கள், அது நியாயமும்தான். டியூட்டர் முழு மௌனம் காக்க வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மூன்று இடங்களில் பேசித்தான் ஆகவேண்டும். குழு ஒரே வட்டத்தில் மூன்றாம் தடவையாகச் சுற்றும்போது. நோயாளிக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடிய ஒரு பிழையான கருத்து எல்லோராலும் ஏற்கப்பட்டு அமர்வு முடியப்போகும்போது. ஒருவர் இன்னொருவரை அவமதிக்கும்போது. இரண்டாவதில்கூட விடையைச் சொல்லிவிடாமல், அந்தக் கருத்தைக் கற்றல் நோக்கமாக எழுதவைத்து, இரண்டாம் அமர்வில் மூலநூலுடன் வரும்படி கேட்கலாம். இரண்டாம் அமர்வின் முடிவிலும் பிழை நீடித்தால் நேரடியாகத் திருத்திவிடுங்கள். பிழையோடு வார்ட்டுக்குப் போவதற்கு அனுமதிக்கும் கற்பித்தல்முறை எதுவுமில்லை.

6. மொழி

இதைப் பற்றிக் கையேடுகள் எதுவும் பேசுவதில்லை, ஆனால் நம் பகுதிகளிலிருந்து செல்வோருக்கு இது முதல் நாளிலேயே எதிர்ப்படும். பாடமொழி ஆங்கிலம். ஆனால் எட்டுப் பேர் கொண்ட குழுவில் தமிழ் பேசுவோர் ஐவரும் சிங்களம் பேசுவோர் மூவரும் இருந்தால், விவாதம் சூடுபிடித்தவுடன் தமிழுக்குத் தாவிவிடும். மூவர் பலகையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். குழுவின் அமைப்பு மறுபக்கமாக இருந்தால் நம் பிள்ளைகள் அவ்வாறு அமர்ந்திருப்பார்கள். முழுவதும் ஆங்கிலத்திலேயே பேசவேண்டும் என்று கட்டளையிட்டால், ஆங்கிலம் நன்றாக வருகின்ற இருவர் மட்டும் பேசுவார்கள்.

நான் கடைப்பிடிக்கும் ஒழுங்கு எளியது: ஊகங்களை முன்வைக்கும் நேரத்தில் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் ஒரு கருத்துப் பலகைக்குப் போகும்முன் யாராவது ஒருவர் அதை ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தில் சொல்லவேண்டும். திருகோணமலையில் வளர்ந்தவர்களில் பலருக்கு மூன்று மொழியும் கொஞ்சமாவது வரும் என்பதால், விவாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை நாம் விரைவில் கண்டுபிடிக்கலாம். இந்த ஒழுங்கை முதல் அமர்வின் முதல் ஐந்து நிமிடத்தில் குழுவுடன் சேர்ந்து தீர்மானியுங்கள், நடுவில் கொண்டுவந்தால் அது கண்டனமாகத் தோன்றும்.

7. பேசாதவரும் பேசிக்கொண்டே இருப்பவரும்

பேசிக்கொண்டே இருப்பவரிடம் குறிப்பெடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள் என்பது வழக்கமான ஆலோசனை. நானும் கொடுத்தேன், அவர் மற்றவர்கள் சொன்னவற்றை விட்டுவிட்டுத் தன் கருத்துகளை மட்டும் பலகையில் எழுதினார். ஆகவே அந்த ஆலோசனையுடன், குறிப்பெடுப்பவர் எழுதுவதைத் தலைவர் உரக்க வாசிக்கவேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேசாதவரை எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்காதீர்கள். அவர் பேசாததற்குப் பாடம் தெரியாமை மிக அரிதாகவே காரணமாக இருக்கும். மொழியோ, சக மாணவரின் கேலியோ, இத்தனை ஆண்டுகள் டியூட்டரியில் பேசாமல் எழுதிப் பழகியமையோ காரணமாக இருக்கலாம். இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது, அவர் தாளில் எழுதி வைத்திருக்கும் ஒன்றைப் பார்த்து, "இதை அடுத்த பகுதியில் நீங்களே சொல்லலாமே" என்று சொல்லிவையுங்கள்.

8. இரண்டாம் அமர்வில் 'குப்பி' வேண்டாம்

பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் 'குப்பி' வகுப்புகளை நானும் நன்றியோடு நினைக்கிறேன். பரீட்சைக்கு முந்திய இரவுகளில் அவை பலரைக் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால் அதே பழக்கத்தில், மாணவர்கள் ஐந்து நோக்கங்களை ஐந்து பேருக்குப் பிரித்துக்கொடுத்துவிட்டு, இரண்டாம் அமர்வில் ஆளுக்கொன்றாகத் தொலைபேசித் திரையைப் பார்த்து வாசிப்பார்கள். தனக்குரியதைத் தவிர மற்ற நான்கு நோக்கங்களையும் எவரும் திறந்திருக்கமாட்டார்கள்.

இதைத் தடுக்க, எல்லோரும் எல்லா நோக்கங்களையும் படித்துவர வேண்டும் என்று முதல் அமர்வின் முடிவிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாம் அமர்வில் யார் எதை விளக்குவது என்பதைத் தலைவர் அந்த இடத்திலேயே தீர்மானிக்கட்டும். விளக்குபவர் குறிப்பேட்டை மூடிவிட்டுப் பலகையில் வரைந்து காட்டவேண்டும். "எங்கே வாசித்தீர்கள்?" என்ற கேள்வியை எல்லோரிடமும் கேளுங்கள்; முதல் வாரம் "கூகுளில்" என்பார்கள், மூன்றாம் வாரத்தில் நூலின் பெயரும் பதிப்பும் வரத் தொடங்கும். கடைசியில் மீண்டும் அந்த முச்சக்கரவண்டிச் சாரதியிடம் திரும்பி வந்து, அவருக்கு அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்களில் எதை ஏன் அவதானிக்க வேண்டும் என்பதைக் குழு சொல்ல முடிந்தால் கேஸ் முடிந்தது.

பின்னூட்டலுக்கான பத்து நிமிடத்தை வெட்டாதீர்கள். முதலில் மாணவர்கள் தங்களைப் பற்றி, பிறகு குழுவைப் பற்றி, பிறகு டியூட்டரைப் பற்றிச் சொல்லட்டும். உங்களைப் பற்றி எல்லோரும் "நல்லது சேர்" என்றுதான் சொல்வார்கள், "நான் எந்த இடத்தில் அதிகம் பேசினேன்?" என்று குறிப்பாகக் கேட்டால்தான் பயன் கிடைக்கும்.

9. படிவங்களும் கொடுப்பனவும்

மாணவர் மதிப்பீட்டுப் படிவத்தை அன்றே, அந்த அறையை விட்டு வெளியேறும் முன் நிரப்புங்கள். பஸ்ஸில் நிரப்பலாம் என்று கொண்டுபோனால் மறுநாள் எட்டு முகங்களும் ஒன்றாகத் தெரியும், எல்லோருக்கும் பத்துக்கு ஏழு என்று போட்டுவிடுவீர்கள். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவர் சொன்ன அல்லது செய்த ஒரு விடயத்தைச் சில சொற்களில் அமர்வின்போதே குறித்துவந்தால் புள்ளி தானாக வரும், யாராவது முறையிட்டாலும் உங்களிடம் விடை இருக்கும்.

வரவுப் பதிவேட்டில் மாணவர் கையொப்பத்துடன் உங்கள் கையொப்பமும், தொடங்கிய நேரமும், முடிந்த நேரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கொடுப்பனவுக் கோரிக்கைக்கு அந்தப் பதிவேட்டின் பிரதி தேவைப்படும். கையேடு, மீதமான பிரச்சினைத் தாள்கள், மதிப்பீட்டுப் படிவம், கற்றல் நோக்கப் பட்டியல் ஆகிய நான்கையும் இணைப்பாளரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையொப்பம் வாங்குங்கள். கோரிக்கைப் படிவத்தை மாதக் கடைசிக்காகக் காத்திருக்காமல் ஒவ்வொரு கேஸ் முடிந்தவுடனும் கொடுங்கள். பணம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் பஸ் செலவை அதுவரை கையிலிருந்தே பார்க்கவேண்டியிருக்கும். எல்லாப் படிவங்களையும் கொடுக்கும்முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய முதலாவது கோரிக்கை ஓர் அலுவலகத்தில் காணாமற்போனபோது, அதை மீண்டும் நிரப்பிக் கொடுக்க முடிந்தது வீட்டில் ஒரு பிரதி இருந்ததால்தான்.